உதிர்ந்த கொய்யாவிலிருந்து குளவிகளை மீட்கும் உறைத்தொட்டி: ஒரு செய்முறைப் பதிவு

பழ ஈ தாக்கி உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி அழித்துவிட வேண்டும் என்பது, கொய்யாவோ மாவோ பயிரிடும் எவருக்கும் முதலில் சொல்லப்படும் அறிவுரை. அதில் பிழை இல்லை. உதிர்ந்த பழத்தை அப்படியே கிடக்க விட்டால், அதிலிருந்து வெளியேறும் புழுக்கள் மரத்தடி மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, சில நாட்களில் ஈயாக எழும்பி, மேலே தொங்கும் காய்களுக்கே வந்து சேரும். ஆனால் பழத்தை இரண்டடி ஆழத்தில் புதைத்தாலும், கறுப்பு பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போட்டாலும், புழுவோடு சேர்ந்து இன்னோர் உயிரும் அழிந்துபோகிறது. அந்தப் புழுக்களில் ஒரு பகுதியின் உடலுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் இளம்புழு வளர்ந்துகொண்டிருக்கும். பழ ஈயின் எதிரி பிறந்து வளரும் இடம் அந்த அழுகல் பழம்தான். ஆயக்குடிப் பக்கம் லக்னோ 49 ரகக் கொய்யா நிற்கும் தோட்டத்தில், ஈயை உள்ளே சிறைவைத்துக் குளவியை மட்டும் வெளியே விடும் தொட்டிகளைக் கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றைக் கட்டிய முறையையும், கவனம் தேவைப்படும் இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த எண்ணம் ஹவாயிலிருந்து வந்தது. அங்கே 2000-களின் தொடக்கத்தில் ஊர் முழுவதையும் ஒரே பரப்பாகக் கொண்டு பழ ஈயைக் கட்டுப்படுத்த நடந்த திட்டத்தில், உதிர்ந்த பழங்களைப் போட்டு மூடும் கூடாரம் ஒன்றை உழவர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஆக்மென்டோரியம் என்று பெயர். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2009 முதல் 2011 வரை சௌசௌ முதலான கொடிக்காய்களில் நடந்த திட்டத்திலும் இதே கூடாரம் இடம்பெற்றது. கூடாரத்தின் மேல்பகுதியில் ஒரு வலைச் சாளரம் இருக்கும். அந்த வலையின் கண் குளவி நுழையும் அளவுக்குப் பெரிதாகவும், பழ ஈ நுழைய முடியாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். வேலை முழுவதும் அந்தக் கண்ணின் அளவில்தான் நிற்கிறது. மற்றவையெல்லாம் கொத்து வேலை.

கொய்யாவில் நமக்குப் பெருந்தொல்லை தருவது பேக்ட்ரோசீரா டார்சாலிஸ் என்னும் ஈ. பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. தோலைத் துளைத்து அடியில் முட்டையிட்டால், ஓரிரு நாளில் பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரம் சதையைத் தின்று, முதிர்ந்த புழு பழத்தை விட்டுத் துள்ளி வெளியேறி மண்ணுக்குள் போகிறது. அங்கே பத்து நாள் அளவில் கூட்டுப்புழுவாக இருந்துவிட்டு ஈயாகிறது. இந்தக் கால அளவுகள் வெப்பநிலையைப் பொறுத்துக் கூடும், குறையும். மீதைல் யூஜினால் என்னும் வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும் என்பதால், பொறியில் ஈ குவிவதைக் கண்டு மட்டும் நிம்மதி அடைய முடியாது.

குளவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொட்டியின் வடிவமே அவற்றின் வாழ்க்கைமுறையிலிருந்து வருகிறது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒட்டுண்ணி என்றவுடன் நம் ஊரில் பலருக்கும், டிரைக்கோகிரம்மா என்னும் சிறு குளவியை ஒட்டி விற்கும் காகித அட்டைதான் நினைவுக்கு வரும். கரும்பிலும் நெல்லிலும் கட்டும் அந்த அட்டை அந்துப்பூச்சிகளின் முட்டைகளுக்கானது. பழத் தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் ஈயின் முட்டைக்கு அதனால் பயன் இல்லை. பழ ஈக்கு என்றே உள்ள குளவிகள் வேறு. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. டயாகஸ்மிமார்ஃபா லாங்கிகாடேட்டா என்பது செம்பழுப்பு நிறமுடையது. உடல் 3 முதல் 5 மி.மீ. நீளம் இருக்க, பெண்ணின் பின்புறத்து முட்டையிடும் ஊசி உடலைவிட நீளமாக நீண்டிருக்கும். இது பழுத்து நொதிக்கும் பழத்தின் வாசனையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, பழத்தின் மேல் நடந்து, உள்ளே புழு நெளியும் அதிர்வை உணர்ந்து ஊசியை இறக்கி, முதிர்ந்த புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. மற்றொன்று ஃபோபியஸ் அரிசானஸ். இது அதற்கு முன்பே, ஈயின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். ஈயின் முட்டை பொரிக்கும்; புழு வழக்கம்போல வளரும்; கூட்டுப்புழுவும் ஆகும்; ஆனால் கூட்டுப்புழுவின் மேலோட்டை உடைத்து வெளியே வருவது குளவியாக இருக்கும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. நாம் வளர்க்கும் கொய்யாவின் சதை தடிமனானது. புழு நடுப்பகுதிக்குப் போய்விட்டால், எவ்வளவு நீளமான ஊசியானாலும் எட்டாது. காட்டுக்கொய்யாவிலும் சிறுபழங்களிலும் குளவியின் தாக்குதல் கூடுதலாகவும், பெரிய பழங்களில் குறைவாகவும் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். முட்டையைத் தேடிப் போகும் ஃபோபியஸுக்கு இந்தத் தடை இல்லை. முட்டைகள் எப்போதும் தோலுக்குச் சற்றே கீழே இருக்கின்றன. 1940-களின் நடுவில் ஹவாயில் புதிதாக நுழைந்த இந்த ஈயின் மீது பல குளவி இனங்களை வரிசையாக விட்டபோது, கடைசியில் மற்றவற்றை ஓரங்கட்டி நிலைத்தது ஃபோபியஸ்தான். 2002-இல் ஹவாயிலிருந்து தாகித்திக்குக் கொண்டுபோன போதும் அது நன்றாக வேரூன்றியது.

ஆனால் இந்த வெற்றிக் கதைகளை நம் தோட்டத்துக்கு அப்படியே பெயர்த்துக்கொள்ளக் கூடாது. பப்பாளி மாவுப்பூச்சியை ஒடுக்க 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, மிகக் குறுகிய காலத்தில் நம் மாநிலத்தில் செய்த வேலையைக் கண்டவர்கள் பழ ஈயிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள். அந்த மாவுப்பூச்சி தன் எதிரிகளை விட்டுவிட்டு வந்தேறிய பூச்சி. பழ ஈயோ இந்த மண்ணிலேயே உள்ளது. அதன் குளவிகளும் இங்கேயே உள்ளன. ஆகவே புதிதாக எதையும் கொண்டுவந்து விடுவதற்கில்லை. ஏற்கெனவே இருப்பதை நாமே அழிக்காமல் திருப்பி விடுவது ஒன்றுதான் தோட்டக்காரர் கையில் இருப்பது. பழ ஈக் குளவியை அட்டையாகவோ புட்டியாகவோ விலைக்கு வாங்க நான் முயன்றும் கிடைக்கவில்லை.

இனி வலை. ரீயூனியன் ஆய்வாளர்கள் சோதித்துத் தேர்ந்தது, கண்ணின் பரப்பு 3 சதுர மி.மீ. உள்ள வலை. சதுரக் கண்ணாகக் கொண்டால் ஒரு பக்கம் சுமார் 1.7 மி.மீ. நம் ஊரில் வலையை மெஷ் கணக்கில் விற்கிறார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதே அந்த எண். பசுமைக்குடிலுக்கு விற்கும் 40 மெஷ் பூச்சி வலையில் குளவியும் வெளியே வர முடியாது. சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையும் நெருக்கமானதே. 12 மெஷ் வலையில் ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து 25.4-ஐ 12-ஆல் வகுத்தால் கிடைக்கும் 2.1 மி.மீ. ஆகும், கம்பியின் தடிமன் 0.4 மி.மீ. என்றால் திறப்பு 1.7 மி.மீ. அதே 12 மெஷ்ஷில் கம்பி மெல்லியதாக இருந்தால் கண் பெரிதாகிவிடும். எனவே கடையில் மெஷ் எண்ணை மட்டும் கேட்டு வாங்காமல், கம்பியின் தடிமனையும் வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பது அவசியம். துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ வலை மலிவு. ஆனால் பழச்சாற்றின் புளிப்பில் அது எத்தனை காலம் தாங்கும் என்பது ஐயமாக இருந்ததால் துருப்பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையையே வாங்கினேன். நைலான் வலையில் இழை நகர்ந்து கண் விரிவதால் அதை ஒதுக்கினேன்.

தொட்டி கட்டுவதற்கு முன் வலையைச் சோதித்துவிட வேண்டும். அகன்ற தட்டில் ஈரமான சலித்த மணலைப் பரப்பி, அதன் மேல் உதிர்ந்த கொய்யாக்களை வைத்து, துணியால் மூடி வைத்தால் புழுக்கள் மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். மணலைச் சல்லடையில் சலித்தால், நெல்மணியைவிடச் சிறிய, வெளிறிய பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள் தங்கும். அவற்றை ஒரு சிறு புட்டியில் போட்டு, வாயில் அந்த வலைத்துண்டைக் கட்டி, புட்டியை மூடிய பெரிய கண்ணாடிச் சாடிக்குள் வைத்துவிட்டேன். இங்கே பார்க்க வேண்டியது முதிர்ந்த ஈ வலையில் நுழைகிறதா என்பதை அன்று. ஓட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈயின் உடல் மிக மென்மையானது. அதன் நெற்றியில் ஊதி விரியும் பை ஒன்று உண்டு. அதைக் கொண்டு ஓட்டைப் பிளந்து, மண்ணைத் தள்ளி மேலே ஏறும் அந்த ஈ, இறுகிய ஈ நுழைய முடியாத சந்துகளிலும் நெளிந்து நுழையப் பார்க்கும். ஆகவே ஏற்கெனவே பறந்து திரியும் ஈயைப் பிடித்து விட்டுச் சோதித்தால் விடை தவறாகவே வரும். 12 மெஷ் வலையில் புதிய ஈக்கள் உள்ளேயே தங்கின. குளவிகள் வெளிச்சாடிக்கு வந்துவிட்டன. ஒன்றைக் கவனியுங்கள்: ஈக்கள் முதலில் வெளிவரும், குளவிகள் அதற்குச் சில நாட்கள் கழித்தே வரும், அவற்றிலும் ஆண் முந்தும், பெண் பிந்தும். ஈக்கள் வந்து முடிந்ததும் எஞ்சிய கூட்டுப்புழுக்களைச் செத்தவை என்று கொட்டிவிடுவோர், குளவிகளைத்தான் கொட்டுகிறார்கள்.

ஹவாய்க்காரர்களைப் போலக் கூடாரம் தைக்க நான் முற்படவில்லை. ஆடி மாதத்தில் எங்கள் பகுதியில் அடிக்கும் காற்று தார்ப்பாயை விட்டுவைக்காது. ஆடும் எலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இறக்கும் சிமென்ட் உறையே இதற்குப் பொருத்தமாகப் பட்டது. மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் கொண்ட உறைகள் மூன்றை, மரநிழலில் போட்ட சிமென்ட் தளத்தின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இணைப்புகளை உள்ளும் புறமும் பூசி அடைத்தோம். உயரம் வீண் செலவு அன்று. முதிர்ந்த புழு ஈரச் சுவரில் ஏறக்கூடியது, அதன் மெல்லிய உடல் வலைக்கண்ணில் நுழைந்துவிடவும் கூடும். பழம் கீழ் உறையோடு நின்று, மேலே இரண்டடிச் சுவர் காய்ந்து இருந்தால், புழு இருளும் மணலும் உள்ள கீழ்ப்பக்கமே போகிறது. பக்கச் சுவரில் வலைச் சாளரம் வைக்காததும் இதனால்தான்.

அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மணல். தளத்தை ஒரு பக்கமாகச் சரித்து, ஓர் அங்குலக் குழாய் வழியே பழச்சாறு வடிய விட்டோம். அந்தக் குழாயின் வாயில் மட்டும் 40 மெஷ் வலை. உறையைச் சுற்றித் தளத்திலேயே கையகல வாய்க்கால் ஒன்றை இழைத்து நீர் நிறுத்தினோம். இது எறும்புக்காக. எறும்புகள் பழ ஈயின் புழுவைத் தின்பது தோட்டத்தில் நல்லதே. மரத்தில் முசுறு கூடு கட்டியிருந்தால் அங்கே ஈயின் முட்டையிடுதல் குறைகிறது என்பதும் அறிந்த செய்திதான். ஆனால் தொட்டிக்குள் எறும்பு புகுந்தால் குளவி இருக்கும் கூட்டுப்புழுவையும் சேர்த்தே தூக்கிப் போய்விடும்.

மேல்மூடி, இரும்புப் பட்டையில் செய்த வட்டச் சட்டத்தில் இறுக்கிய வலை. அதற்கும் உறைக்கும் இடையே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் சந்து இல்லாமல் அமர்கிறது. மூடிக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுத் தகரக்கூரை போட்டால் மழை விழாது, வெளிச்சம் பக்கவாட்டில் வரும். குளவி வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும் இயல்புடையது. அந்த வெளிச்சம் வரும் ஒரே வழி வலை என்று இருக்க வேண்டும். பழம் போடுவதற்காக ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தால் சிறைப்பட்ட ஈ வெளியேறிவிடும். அதற்காக மூடியின் நடுவே ஆறங்குல பிவிசி குழாய் ஒன்றைச் செருகி, அதன் கீழ்முனையில் தளர்வான துணிக்குழாய் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். பழம் விழும்போது விரியும் துணி, விழுந்ததும் தானாக ஒட்டிக்கொள்ளும். மேல்வாயை மூடிபோட்டு அடைத்துவிட்டால் குழாய்க்குள் இருட்டு. ஈ அந்தப் பக்கம் வருவதில்லை. பழத்தை விடியற்காலையில் போடுவது நல்லது, குளிர்ந்த நேரத்தில் ஈக்கள் மந்தமாக இருக்கும்.

ஒரே தொட்டி போதாது, இரண்டு வேண்டும். ஒன்றில் மூன்று நான்கு வாரங்கள் பழம் போட்டு, அதன்பின் ஒரு மாதத்துக்குக் குறையாமல் திறக்காமல் வைத்து, அந்த இடைவெளியில் மற்றொன்றை நிரப்பி வருகிறோம். பழத்தை ஓரடிக்கு மேல் குவித்தால் நொதித்துச் சூடேறி, புழுவும் குளவியும் வெந்துவிடும். காய்ந்த கொய்யா இலையை இடையிடையே தூவினால் காற்றோட்டம் கிடைக்கிறது. வெயில் காலத்தில் மணல் காய்ந்துபோனால் கூட்டுப்புழு வற்றிவிடும் என்பதால் குழாய் வழியே சிறிது நீர் தெளிக்க வேண்டும். சேறாகும்படி ஊற்றக் கூடாது. காலம் முடிந்தபின் உள்ளே மிஞ்சுவது நல்ல மட்கு, அது மரத்துக்கே போகிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஈயைப் புடிச்சு வைக்கிறேன்னு சொல்லிட்டு வளர்த்து விடுறியே" என்றார். வலை வழியாகச் சிறு ஈக்கள் புகைபோல் எழும்பிக்கொண்டிருந்தன. அவை டிரோசோஃபிலா எனப்படும், அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிற்றீக்கள். 2 முதல் 3 மி.மீ. அளவே இருக்கும். அவற்றுக்கு இந்த வலை ஒரு பொருட்டே இல்லை. நல்ல காயை அவை ஒன்றும் செய்வதில்லை என்றாலும், தொட்டியைப் பார்க்க வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அவையே ஆதலால், கட்டுவோர் இதற்கு விடை தயாராக வைத்திருக்க வேண்டும். பழ ஈ இதைப்போல் மும்மடங்கு நீளம், மார்பில் மஞ்சள் பட்டைகள் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயமே எழாது. ஓர் எச்சரிக்கை: தொட்டியின் அருகில் மஞ்சள் ஒட்டுப்பொறியைத் தொங்கவிட வேண்டாம், வெளிவரும் குளவி அதில் ஒட்டிக்கொள்ளும். மீதைல் யூஜினால் பொறி இருக்கலாம். குளவிக்கு அதில் நாட்டம் இல்லை.

தொட்டி வேலை செய்கிறதா என்பதை அறிய நுண்ணோக்கி தேவையில்லை. ஒரு மாதம் மூடி வைத்துத் திறந்த தொட்டியின் மணலில் ஒரு கை அள்ளிச் சலித்து, வெற்று ஓடுகளைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால் போதும். ஈ வெளிவந்த ஓட்டின் முன்முனை இயற்கையான மடிப்பில் மூடி திறந்ததுபோல் பிளந்திருக்கும். குளவி ஓட்டைக் கடித்துத் துளைத்து வருவதால் துளையின் விளிம்பு கரடுமுரடாக இருக்கும். துளையே இல்லாத ஓட்டை நகத்தால் உடைத்தால், சில நேரம் உள்ளே செத்த குளவியின் உடல் கிடைக்கும். அப்படி அடிக்கடி கிடைத்தால் தொட்டி சூடாகிறது என்று பொருள். என் தோட்டத்தில் கோடைக் காய்ப்பின் ஓடுகளில் கடித்த துளை அரிதாகவே தென்பட்டது. மழைக்காலக் காய்ப்பில் தெளிவாகக் கூடியது. நீண்ட ஊசியுள்ள குளவி எளிதில் அடையாளம் தெரிகிறது. குட்டை ஊசியுடையவற்றைச் சாராயத்தில் போட்டு, பூச்சியியல் படித்த ஒருவரிடம் காட்டியே இனம் தெரிந்துகொள்ள முடிந்தது.

இதனால் அந்தப் பருவத்துப் பழம் தப்பிவிடுமா என்று கேட்டால், தப்பாது. குளவி கொல்வது ஏற்கெனவே பழத்துக்குள் புகுந்துவிட்ட ஈயை. பயன் அடுத்த தலைமுறைக் கணக்கில்தான் தெரியும். என் மதிப்பீட்டில் இந்தத் தொட்டியின் பயனில் பெரும்பங்கு ஈக்கள் வெளியேற முடியாமல் உள்ளேயே மடிவதில் இருக்கிறது. ஈ அடைபடுவதை முதல் என்றால், குளவி வெளிவருவதை வட்டி என்று சொல்லலாம். ஆகவே பொறிகளையும், காய் பருத்தவுடன் அதற்குப் பையிட்டு மூடுவதையும், பழம் நிறம் மாறத் தொடங்கும்போதே அறுப்பதையும் நான் விடவில்லை. விட்டது ஒன்றுதான்: மரம் முழுதும் நனைய மாலத்தியான் அடிப்பது. குளவியை வளர்த்து வெளியே விட்டுவிட்டு, அது போய் உட்காரும் இலையில் நஞ்சைப் பூசுவதில் பொருள் இல்லை. ஈயின் தொல்லை மிகும்போது, புரதக் கரைசலில் மருந்து கலந்து மரத்துக்கு ஓரிடத்தில் மட்டும் தெளிக்கிறோம். ஈ அந்தப் புரதத்தைத் தேடி வந்து தின்னும், குளவிக்கு அதனால் கேடு மிகக் குறைவு.

வெளிவரும் குளவிக்குத் தேன் வேண்டும். உணவு கிடைக்காத குளவி சில நாட்களில் மடிந்துவிடும். கிடைத்தால் வாரக்கணக்கில் வாழும், முட்டைகளையும் கூடுதலாக இடும். அதற்காகத் தொட்டியைச் சுற்றித் தட்டைப்பயறு விதைத்திருக்கிறேன். பூ இல்லாத காலத்திலும் அதன் காம்புகளில் தேன் சுரக்கும் என்பதால் மற்றச் செடிகளைவிட அதையே விரும்புகிறேன். வரப்பில் தானாக முளைக்கும் தும்பையைக் களை என்று வெட்டச் சொல்வதில்லை.

அடுத்ததாகப் பாகல் பந்தலுக்கு ஒரு தொட்டி கட்டும் வேலை நடக்கிறது. அங்கே ஈ வேறு. அதன் குளவியும் வேறு. சித்தாலியா ஃபிளெட்சரி என்ற அந்தக் குளவி 1916-இல் இந்தியாவிலிருந்துதான் ஹவாய்க்குப் போனது. ரீயூனியனில் 3 சதுர மி.மீ. கண்ணைச் சோதித்ததும் பாகல், சௌசௌ ஈயையும் இந்தக் குளவியையும் வைத்துத்தான் என்பதால், வலை அதே 12 மெஷ். மறுபடி சாடிச் சோதனை செய்துவிட்டே மூடி பொருத்தப்படும். பாகல் கொய்யாவைவிட விரைவில் கூழாகிச் சாறு விடுவதால், வடிகுழாய் மட்டும் ஒன்றரை அங்குலம்.